நடுவர் சொல்லாத தீர்ப்பு

விவாத மன்றத்தில் நடுவராக அமர்வது எளிய காரியமென்றே நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். இரு கட்சியாரின் வாதங்களையும் செவிமடுத்து, புள்ளிகளைக் குறித்து, ஈற்றில் இரு சாராரையும் மெச்சி நாலு வார்த்தை கூறிவிட்டால் கடமை தீர்ந்தது. அண்மையில் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்தில் நடைபெற்ற விவாதமொன்று அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டது.

"அரசியலிலே சமயத்துக்கு இடமுண்டு" என்பதே அன்றைய பொருள்.

ஒட்டிப் பேசிய மாணவன் திறமையாகவே தொடங்கினான். தெய்வ பயம் நீங்கிய அரசியல் வெறும் வியாபாரமாகிவிடும் என்றான். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அவர்தம் சமய நம்பிக்கையிலே பிறந்ததன்றோ? அமெரிக்காவிலே கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு கிறித்தவப் போதகரன்றோ? சமயத்தை நீக்கிவிட்டால் இத்தகையோரை அரசியல் எங்கிருந்து பெறும் என்று அவன் வினவியபோது சபையிற் கைதட்டல் எழுந்தது.

வெட்டிப் பேச எழுந்த மாணவி அமைதியாகச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். நாடு 1948இல் சுதந்திரம் பெற்றபோது நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமயத்தையும் தடைசெய்யவோ, ஒரு சமயத்தாருக்கு மட்டும் தனிச் சலுகை அளிக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. 1972இல் வந்த குடியரசு யாப்பு அந்தக் காப்பைக் கைவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கியது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரை அதனைத் தொடர்ந்தது. இடையே, 1966 முதல் 1971 வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தமையையும் அவள் நினைவூட்டினாள்.

"சட்டத்திலே தொடங்கியது வீட்டுக்குள்ளும் வரும்" என்று தொடர்ந்தாள் அவள். 2020 ஏப்ரலில், கொரோனா நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தே தீரவேண்டும் என விதி செய்யப்பட்டது. நல்லடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களின் கண்ணீர் எவரையும் அசைக்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அவ்விதி மாறியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. "மன்னிப்பு வந்தது; சாம்பலானவர் திரும்பி வரவில்லை" என்று கூறி அவள் அமர்ந்தாள்.

எம் மனம் அப்போதே தீர்ப்பை எழுதிவிட்டது என்பதை மறைப்பானேன்? நாமும் இந்நாட்டில் சிறுபான்மையினர். எமக்கும் குறைகள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு தெளிவாக எடுத்துரைத்ததைக் கேட்டு உள்ளம் பூரித்தது.

பின்பு சபையோர் கருத்துக்கூறும் நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து, வகுப்பில் அதிகம் வாய்திறவாத ஒரு மாணவன் எழுந்தான்.

"நடுவர் அவர்களே, முதலிடம் மற்றவருக்குப் போய்விட்டதென்று பேசினோம். முதலிடம் எமக்கு இருந்த இடங்களில் நாம் எப்படி நடந்துகொண்டோம்? சாதியின் பெயரால் பொது இடங்களிலே ஒருவரைத் தடுப்பது குற்றமென்று 1957இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாமி கும்பிட வந்த சைவர்களைச் சைவர்களே மறித்தார்கள். 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் பாடசாலையிலே, முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணியக்கூடாதென்று பெற்றோர் வீதியில் நின்றார்கள். இவற்றை எந்தக் கட்சியில் சேர்ப்பது?"

சபை மௌனமாயிற்று. நடுவராகிய நாமும் மௌனமானோம். எம் மௌனத்துக்கு வேறொரு காரணம் இருந்தது.

2018இல் நாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். அங்கே கணிதம் கற்பித்தவர் ஒரு முஸ்லிம் ஆசிரியை. திருகோணமலைச் செய்தி வந்த வாரம், ஆசிரியர் அறையிலே அவர் செவிபடவே பேச்சு எழுந்தது. "எங்கட பள்ளிக்கூடத்துக்கு எங்கட வழக்கம்தானே" என்றார் ஒருவர். "விருப்பமில்லையெண்டால் மாற்றம் எடுத்துப் போகலாம்" என்றார் மற்றொருவர். அந்த அம்மையார் தலைநிமிராது கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனை ஒரே விடையின்மேல் நெடுநேரம் நின்றது. நாம் தேநீரை அருந்திவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். அடுத்த ஆண்டு அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அதே 2019இல் மனித உரிமைகள் ஆணைக்குழு திருகோணமலை ஆசிரியைகளின் பக்கமே நியாயம் கண்டது. அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோதும் நாம் எவரிடமும் எதுவும் கூறினோமில்லை.

எமது பாடசாலைகள் பிறந்த வரலாற்றை எண்ணும்போது இந்த மௌனம் பின்னும் சுடுகிறது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது எதற்காக? கல்வி வேண்டுமாயின் உன் சமயத்தை வாசலில் விட்டு வா என்ற நிலைமை சைவப் பிள்ளைக்கு வரக்கூடாது என்பதற்காகவன்றோ? அப்படிப் பிறந்த மரபிலே வந்த ஒரு பாடசாலை, உன் உடையை வாசலில் விட்டு வா என்று மற்றொருவரிடம் எவ்வாறு கூறும்? மேலும், 1960ஆம் ஆண்டின் பின் இப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் உடைமையாயின. பெயர்ப்பலகையிலே எமது சமயம் இருக்கிறது. சம்பளம் எல்லா மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது.

அந்த மாணவி காட்டிய 9ஆம் உறுப்புரைக்கு அடுத்தபடியாக 10ஆம் உறுப்புரை நிற்கிறது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும், தான் விரும்பிய சமயத்தைத் தழுவுவதற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என்கிறது அது. இவ்விரண்டையும் மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். நாம் ஒன்பதைப் பற்றிப் புலம்பிய அளவுக்குப் பத்தைக் கடைப்பிடித்தோமா? எரியூட்டுதல் எம் வழக்கம்; ஆதலால் 2020இல் வந்த விதி எம்மைத் தீண்டவில்லை. தீண்டாத காரணத்தினாலேயே எம்மிற் பலர் அதனைப் பற்றி வாய்திறக்கவில்லை.

அரசியல்வாதியின் நெஞ்சிலே சமயம் இருக்கட்டும். அது அவனுடைய கையை அடக்குமாயின் நல்லதே. ஆனால், அதே சமயம் அவன் கையிலே கோலாகும்போது அது சமயமன்று. இந்த நியாயம் கொழும்பிலே உள்ள ஆட்சிக்கு மட்டும் உரியதன்று. கோயில் தருமகர்த்தா சபைக்கும் ஆசிரியர் அறைக்கும் உரியது. சிறுபான்மையாய் நின்று நாம் கேட்கும் சுதந்திரம், நாம் பெரும்பான்மையாய் இருக்கும் இடத்திலே பிறருக்குக் கொடுக்கும் சுதந்திரத்தாலேயே எடைபோடப்படும்.

அன்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. "புள்ளிகள் அடுத்த வாரம்" என்று சொல்லிச் சபையைக் கலைத்தோம். இரவு, பழைய நண்பரொருவரிடம் இலக்கம் கேட்டு, அந்த ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தோம். அன்று பேசியிருக்க வேண்டியதைப் பல ஆண்டுகள் கழித்துத் தட்டுத்தடுமாறிக் கூறினோம். மறுமுனையிற் சற்று நேரம் பேச்சில்லை.

"அன்றைக்கு யாராவது ஒருவர் ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சேர்" என்றார் அவர். பின்பு, "அந்த வகுப்புப் பிள்ளைகளெல்லாம் இப்போ என்ன செய்றாங்க?" என்று பரிவோடு விசாரித்தார்.

அடுத்த வாரம் மன்றம் கூடியபோது, புள்ளித்தாளை வாசிக்குமுன் இந்தக் கதையையே மாணவருக்குச் சொன்னோம். பின்வரிசை மாணவனுக்குக் கொடுக்க எம்மிடம் பரிசு இருக்கவில்லை. அவன் கேட்ட கேள்விக்குரிய விடை மட்டுமே இருந்தது. அதைச் சொல்ல எமக்கு ஒரு வாரமன்று, பல ஆண்டுகள் பிடித்தன.