ஓர் இரவுக்குப் பட்டா

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டம் என்பதால் அன்றைக்கு விடிந்ததுமே ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை, பாகத் தகராறு, வண்டிப்பாதை மறிப்பு என்று எல்லாம் வரும். ஆனாலும் பாதிக்கு மேல் இடம் கேட்டுத்தான். ‘மேற்படி ஏரிப் புறம்போக்கில் கடந்த 30 ஆண்டுகளாகக் குடிசை அமைத்துக் குடியிருந்து வருகிறோம்’ என்ற வரியை என் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும். அப்படிப்பட்ட எனக்கே பொது நிலத்தில், காசு கொடுக்காமல், ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கும் ஆசை வந்தது.

ஆசையைக் கிளப்பியவன் அக்கா மகன். கலிபோர்னியாவில் இருக்கிறான். அந்த மாநிலத்தின் வடகோடியில் ரெட்வுட் மரக்காடுகள். நம் கோயில் ராஜகோபுரம் 217 அடி. அங்கே ஹைபீரியன் என்று பேர் வைத்திருக்கும் ஒரு மரம் 380 அடி. அதை 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் சுற்றிலும் மிதித்து மண்ணைக் கெட்டிப்படுத்திவிட்டதால், 2022 முதல் மரத்தடிக்கு யாரும் போகக்கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் காடுகளை ஒட்டிய மலைகளில் சிக்ஸ் ரிவர்ஸ் என்ற தேசியக் காடு இருக்கிறது, அங்கே யார் வேண்டுமானாலும் கூடாரம் போட்டுப் படுக்கலாம் என்றான். அதுதான் பிடித்துக்கொண்டது.

வாடகை கிடையாது. முன்பதிவு கிடையாது. குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. அமெரிக்க தேசியக் காடுகளில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள் வரை இருக்கலாம். ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிப் படுக்க வேண்டும். வெளிக்குப் போனால் ஏழெட்டு அங்குலக் குழி தோண்டி மூட வேண்டும். அடுப்பு மூட்ட ஒரு சீட்டு வாங்க வேண்டும், அதுவும் இலவசம். ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிற்றாற்றின் சரளை மேட்டில், இலவச அனுமதிச் சீட்டோடு படுக்கலாமாம். “ஒருத்தரும் வந்து ஏன் இங்க படுத்திருக்கேன்னு கேக்க மாட்டாங்க மாமா” என்றான்.

ஏன் என்று கேட்க ஆளில்லாத நிலம். பட்டா, சிட்டா, அடங்கல் என்று நாளெல்லாம் கிடந்து சாகிறவனுக்கு இதைவிட என்ன போதை வேண்டும்?

கூடாரம் ஒன்று வாங்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம். மொட்டை மாடியில் விரித்துப் பழகினேன். “கொசு கடிக்குதுன்னு மாடியில படுக்காத ஆளு, காட்டுல போய்ப் படுக்கப் போறாராம்” என்று என் வீட்டுக்காரி எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். சொன்னதில் தப்பில்லை.

முதலில் நம் மலைதான் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்றால் அண்ணாமலை தெரிகிறது, வேறெங்கே போவானேன்? டீக்கடையில் பழக்கமான வனக் காவலர் ஒருவரிடம் நைசாக விசாரித்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். காப்புக்காடு, சார். 1882-ஆம் வருஷத்துச் சட்டம். அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டினால் இன்னொரு குற்றம். மலைமேல் ராத்தங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடையில் அந்த உயரமான எலுமிச்சைப்புல் காய்ந்து நிற்கும்போது ஒரு பீடித் துண்டு போதும், சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். தீத்தடுப்புக் கோடு வெட்டிக் கன்று நட்டுக் காப்பாற்றுகிறவர்களின் பல வருஷ உழைப்பு ஒரு மத்தியானத்தில் போகும்.

பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன் என்ற பையன் 1896-ல் இந்த ஊருக்கு வந்தார். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். யாரிடம் அனுமதி கேட்டிருப்பார்? ரமணரை இழுத்து நியாயம் பேசலாமென்று வாயெடுத்தேன். காவலர் முந்திக்கொண்டார்: “அவரு டென்ட் எடுத்துக்கினு வர்ல, சார்.”

குரங்கணியையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். 2018 மார்ச் 11. தேனி மலையில் நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் வனத்துறையே 40 வழித்தடங்களைத் திறந்து, இணையத்தில் சீட்டு போட்டு, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டியாக வைத்துக் கூட்டிப் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காசு கட்டிப் போகிற பகல் நடை. நான் கேட்டது ராத்திரி. அதுவும் சும்மா.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் வெட்டவெளியில் இலவசமாகப் படுக்க வழியில்லை என்று நான் புலம்பியது சுத்தப் பொய். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்த ராத்திரி போனாலும் நூற்றுக்கணக்கானோர் படுத்திருப்பார்கள். காவி கட்டியவர்கள், கட்டாதவர்கள், பிள்ளைகள் துரத்தியவர்கள், பிள்ளைகளே இல்லாதவர்கள். தீபத்தன்று சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வரும் சனம் கட்டுச்சோற்று மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கடை வாசலிலும் மண்டபத்திலும் சுருளும். சின்ன வயதில் நானும் அப்பாவோடு அப்படிப் படுத்தவன்தான். இப்போது யாராவது அந்தப் பாதையில் ஒரு துண்டை விரித்துப் படுக்கச் சொன்னால் படுப்பேனா? மாட்டேன். பார்க்கிறவர்கள் என்னை அவர்களில் ஒருவனாக நினைத்துவிடுவார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. ஆறாயிரம் ரூபாய்க் கூடாரம் மழைக்கும் பனிக்கும் வாங்கியதல்ல. வீடு வாசல் உள்ளவன், விரும்பித்தான் வெளியே படுத்திருக்கிறான் என்று ஊருக்குக் காட்டுகிற அடையாள அட்டை அது.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு அவனே ஒன்று சொன்னான். ஆரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஓர் ஊர். ரெட்வுட் காட்டுக்குப் போகும் ரெட்வுட் நெடுஞ்சாலை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த ஊர்ப் பூங்காவில் வீடில்லாதவர்கள் கம்பளி விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் போட்டு வந்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2024 ஜூன் 28 அன்று, அப்படித் தண்டிக்க நகரத்துக்கு உரிமை உண்டு என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. அதே சாலையில் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில், கூடாரமும் காரும் உள்ளவன் காட்டில் 14 நாள் சும்மா படுக்கலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பிப் போக வீடு இருக்கிறவனுக்குத்தான் பொது நிலம் பாய் விரிக்கிறது, அங்கேயும்.

ஆளில்லாத காடு என்பதும் கதைதான். ரெட்வுட் மண்ணில் யுரோக் மக்கள் வழிவழியாக இருந்தவர்கள். தங்கத்துக்கும் மரத்துக்கும் வந்தவர்கள் அவர்களை ஓரங்கட்டி, பழங்காட்டில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை வெட்டித் தீர்த்தார்கள். மிஞ்சியதைக் காக்கத்தான் 1968-ல் தேசியப் பூங்கா வந்தது. யுரோக் மக்களுக்கு நிலம் திரும்பக் கிடைப்பது இப்போதுதான்: 2025 ஜூனில் சுமார் 47,000 ஏக்கர் கைக்கு வந்து முடிந்தது. நம் பக்கம் காட்டில் குடியிருப்பவருக்கு அந்த மண்ணில் உரிமை உண்டு என்று 2006-ல் சட்டமே வந்தாயிற்று. அந்தச் சட்டப்படி ஜவ்வாதுமலைக்காரர்களுக்கு நானே மனு அடித்திருக்கிறேன். அப்போது மலை எனக்கு வெறும் சர்வே நம்பர்.

அந்த மலைக்காரர் ஒருவர்தான் கடைசியில் இடம் கொடுத்தார். மனுவுக்கு நான் காசு வாங்கவில்லை என்பதற்காக, “எங்க களத்துல வந்து படுங்க சார், பட்டா நெலம்தான், எவனும் கேக்க மாட்டான்” என்றார். புரட்டாசியில் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். சாமை முற்றி நின்ற காலம். கொல்லை ஓரத்தில் பரண். அதன்மேல் தினமும் ராத்திரி ஒரு ஆள் உட்கார்ந்து தகரம் தட்டுவது, பன்றி இறங்காமலிருக்க. வெட்டவெளியில் தூங்குவது அங்கே யாருக்கும் அனுபவம் தேடும் காரியமில்லை; தூங்கினால் சாமை போய்விடும்.

கூடாரத்தை விரித்ததும் சுற்றி நின்றவர்களில் ஒரு கிழவி கேட்டார்: “ஏன் தம்பி, வூட்ல சண்டையா?”

பொய் சொன்னேன். வானத்தைப் பார்த்து ஆராய்ச்சி பண்ண வந்திருக்கிறேன் என்றேன். அந்த மலையில் அப்படிச் சொன்னால் நம்புவார்கள். அதே மலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது; 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்தபோது பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. என்னிடம் ஒரு பைனாகுலர்கூட இல்லை. கிழவி என் கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரி, குளுரு தாங்கலன்னா திண்ணைக்கு வந்துடு” என்று போய்விட்டார்.

ராத்திரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்சத்திரம் நிறைய இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தேன், கழுத்து வலித்தது. மூச்சுக்காற்று உள்துணியில் வேர்த்து, விடியற்காலை நெற்றியில் சொட்டியது. காற்று போக ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் கூடாரத்துக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைப் போர்வைக்குள்ளேயே கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடியும்போது இமை தூக்க முடியாமல், மூச்சு முட்டும்போதுதான் தெரியும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வதும் அதற்கு நல்ல காப்பு. அடி தைத்து, ஜிப் பூட்டிய கூடாரம் அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. கிரிவலப் பாதையில் வெறும் சாக்கில் படுத்திருப்பவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? இருந்தும் படுக்கிறார்கள்.

படுக்கிற இடமே வீடாகிவிட்டால் கதை வேறு. எங்கள் ஊரில் அரசு நிலத்தில் குடியிருப்பவருக்கு வரும் அபராத நோட்டீசுக்கு பி மெமோ என்று பேர். 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தில் போடுவது. அந்தப் பணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரமாக மஞ்சள் பையில் வைத்திருப்பார்கள். நாளைக்குப் பட்டா கேட்கும்போது, இங்கேதான் இருந்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. தப்புக்குக் கட்டிய தண்டத்தையே உரிமைக்கு ஆதாரமாக்குகிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் ஏரியும் ஓடையும் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே பட்டா கிடைக்காது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்து 7 பேர் புதைந்துபோனார்கள். அதன் பிறகு மலையடிவாரத்திலிருந்து மாற்று வீடு கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கும்போது ‘குடியிருந்து வருகிறோம்’ என்ற வரிக்கு முன்னால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறேன்: மழை ராத்திரியில் எங்கே படுப்பீர்கள்? பதிலை மனுவில் சேர்த்துவிடுகிறேன். அதிகாரிகள் படிக்கிறார்களோ என்னவோ, மனு ஒரு பக்கம் நீள்கிறது.

ஜவ்வாதுமலையில் மறுநாள் காலை கூடாரத்தைச் சுருட்டும்போது மனுக்காரர் வந்து துணியைத் தடவிப் பார்த்தார். தண்ணி உள்ளே வருமா, ரெண்டு ஆள் படுக்கலாமா, பரண்மேல நிக்குமா என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கூடாரத்துக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்த முதல் ஆள் அவர்தான். கடைசியில் விலை கேட்டார். ஆறாயிரம் என்று சொல்ல நா வரவில்லை.

“ரெண்டாயிரம்” என்றேன்.

“ரெண்டாயிரமா!” என்று துணியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். “அந்தக் காசுக்குப் பரணுக்கு மேல தகரமே போட்டுறலாமே சார்.”