இலுப்பைப் பருவமும் வருகைப் பதிவேடும்

தொடக்கக் கல்வி குறித்த ஆய்வரங்குகளில் 'இயற்கையோடு இணைந்த கற்றல்' என்னும் தொடர் அடிக்கடி ஒலிக்கிறது. அத்தொடர் வகுப்பறைக்குள் நுழையும்போது என்னவாகிறது என்பதைக் காண, மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் அரசுத் தொடக்கப் பள்ளியில், களஆய்வின் பொருட்டு அடுத்தடுத்து இரண்டு பங்குனி மாதங்களைக் கழித்தேன்.

அங்கே பருவகாலச் செயல்திட்டம் என்பது ஒரு வண்ண அட்டை. அட்டை நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். குளிர்காலக் கட்டத்தில் பஞ்சை ஒட்டிப் பனிப்பொழிவு காட்டவேண்டும். இலையுதிர்காலக் கட்டத்தில் செம்பழுப்புக் காகித இலைகள். பனி பொழிந்து எவரும் கண்டிராத ஊர் அது. (தமிழ் வகுப்பில் கார், கூதிர் என ஆறு பருவங்களையும், அடுத்த பாடவேளையில் நான்கு பருவங்களையும் ஒப்பித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. இந்திப் பாடநூலிலும் ருதுக்கள் ஆறுதான்.) அட்டை அழகாக இருந்தால் மதிப்பெண். அழகான அட்டைகளில் பெரும்பாலானவை அண்ணன், அக்காள் கைவண்ணம்.

அந்த அட்டைகள் சுவரேறும் நாட்களில் வெளியே தேக்கு இலையற்று நிற்கிறது, பலாசம் நெருப்பாய்ப் பூத்திருக்கிறது, இலுப்பை பூவுதிர்க்கிறது. இலுப்பையை அங்கே மஹுவா என்பார்கள். பழைய இலைகளைக் கழித்துவிட்டுப் பூக்கும் மரம் அது. சதைப்பற்றுள்ள இனிய பூக்கள் பின்னிரவில் உதிரத் தொடங்கி விடியலில் தரையை மூடிவிடும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் ஏளனமாகச் சொல்லும் அதே பூ அங்கே உணவு, மது, கைக்காசு. வெயில் ஏறுமுன், ஆடுமாடு வருமுன் பொறுக்கிவிடவேண்டும். ஆதலால் கோண்டு, கோர்க்கூ குடும்பங்கள் இருள் பிரியுமுன்னே கூடைகளோடு புறப்பட்டுவிடுகின்றன. குழந்தைகளும் உடன் செல்கிறார்கள்.

வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்ற குறி. பருவத்தைப் பற்றி ஊரிலேயே அதிகம் அறிந்த பிள்ளைகள், பருவத்தைப் பற்றிய பாடம் நடக்கும் நாளில் வகுப்பில் இல்லை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஆசிரியை சொன்னார்: "கெட்டிக்காரிதான், ஆனால் ஒழுங்காக வருவதில்லை." அச்சிறுமிக்குத் தன் வீட்டாருக்கு உரிய ஐந்து மரங்களில் எது முந்திப் பூக்கும், எதன் பூ பெரிது, மழை பட்டால் காயப்போட்ட பூ எப்படிக் கெடும் என்பதெல்லாம் தெரியும். அட்டை செய்யாததால் செயல்திட்டத்தில் அவள் பெற்றது பூச்சியம்.

குழந்தை உழைப்பை 'இயற்கைக் கல்வி' என்று அழகுபடுத்தும் எண்ணம் எனக்கில்லை. குனிந்து குனிந்து பொறுக்கும் வேலை அது, விளையாட்டன்று. அவள் பள்ளிக்கு வரவேண்டும் என்பதில் ஐயமுமில்லை. வந்தபின் அவளுடைய அறிவுக்குப் பள்ளியில் என்ன இடம் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடிய முன்னோடிகள் அதே வட்டாரத்தில்தான் இருந்தார்கள் என்பது நெஞ்சை உறுத்துகிறது. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறிய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல், கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும் இணைந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் சென்று இலையும் பூச்சியும் சேகரித்து, தாமே வகைப்படுத்தி, தம் சொற்களில் எழுதினார்கள். அத்திட்டத்தின் பெருஞ்சாதனையாக நான் கருதுவது களப்பயணத்தையன்று, தேர்வு மாற்றத்தையே. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம்; செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தேர்வு பழைய வடிவுக்குத் திரும்பியதும், செய்துபார்ப்பது அட்டை ஒட்டுவதாகச் சுருங்கியது.

என் இரண்டாம் பங்குனியில் ஆசிரியை, தம் விருப்பத்தின் பேரில், அட்டைக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார். எந்த மரம், எந்த நாள், எத்தனை கூடை, வானம் தெளிவா மேகமா என நான்கு பத்திகள். எழுதத் தயங்குவோர் கூடைக்கு ஒரு கோடு போட்டால் போதும். பூ பொறுக்கிவிட்டுப் பதினொரு மணிக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல், கோடுகளை எண்ணவைத்துக் கூட்டல் நடத்தினார். பூ பொறுக்கப் போகாத பிள்ளைகள் பள்ளி வளாகத்து வேம்பைக் கவனித்து எழுதினார்கள். இரு பட்டியல்களையும் ஒப்பிட்டபோது எழுந்த வாக்குவாதத்தில் பாடவேளை மணி அடித்தது எவர் காதிலும் விழவில்லை.

ஆண்டுத் தேர்வில் 'பருவங்கள் எத்தனை?' என்றுதான் கேட்டார்கள். நோட்டுக்கு மதிப்பெண் ஒதுக்க வழியில்லை. பூ உதிரும் வாரங்களில் மட்டும் பள்ளி நேரத்தை இரண்டு மணி தள்ளிவைக்க அனுமதி கோரி ஆசிரியை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். சென்ற வாரம் பேசியபோது, இன்னும் பதில் வரவில்லை என்றார்.