லிடோ பக்கத்துல…

வழி சொல்லும்போது நம்மவர்கள் தெருப் பெயரைச் சொல்வது குறைவு. கோயிலுக்கு எதிரே, சாப்பாட்டுக் கடையைத் தாண்டி, பழைய தியேட்டருக்குப் பக்கத்துல என்றுதான் சொல்வோம். வானொலியில் காலை நிகழ்ச்சி செய்வதால் இதை நான் தினமும் கேட்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நெரிசல் என்று சொல்ல ஒருநாள் ஒரு பெரியவர் அழைத்தார்.

"லிடோ பக்கத்துலதான் நிக்கிறேன் தங்கச்சி, கார் ஒண்ணும் நகரல."

என்னோடு பேசிக்கொண்டிருந்த இளம் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை மூடிவிட்டு, "லிடோன்னா எந்தக் கடைக்கா?" என்றார். அவருக்கு வயது இருபத்து மூன்று.

லிடோ கடை இல்லை. ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப் படங்கள் ஓடிய தியேட்டர். அது மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் பெரியவரின் காரை நிறுத்த அது இன்னும் இடம் கொடுக்கிறது.

அந்தத் தலைமுறைக்குத் தியேட்டர் படம் பார்க்கும் இடம் மட்டும் அல்ல. என் அம்மா கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சம்பளம் போட்ட வாரம் லாரியில் ஏறிப் பட்டணத்துக்கு வருவார்களாம். காலையில் பால்மரம் சீவிய கையோடு மாலையில் டிக்கெட் வாங்குவார்கள். பட்டணத்தில் ஒரு பெரிய கட்டடத்துக்குள் யாரும் "உனக்கென்ன வேலை?" என்று கேட்காமல் மூன்று மணி நேரம் உட்கார முடிந்தது அங்கேதான் என்று அம்மா சொல்வார். வாசலில் கச்சாங் பூத்தே விற்றவரும் பெரும்பாலும் தமிழராகவே இருப்பார். காகிதச் சுருளில் அளந்து கொடுத்துக்கொண்டே எந்தத் தோட்டம் என்று விசாரிப்பாராம். பெண் பார்ப்பது, வேலை விசாரிப்பது, பிரிந்துபோன சொந்தத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அந்த வாசலில் நடந்தன.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டைப்பூச்சியும் பீடிப் புகையும் அம்மாவின் கதைகளிலேயே உண்டு. இருட்டில் பெண்கள் பட்ட சங்கடமும் உண்டு. இன்று என் அக்கா மகள் தோழியோடு தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறாள். அது முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தத் தியேட்டர்கள் ஏன் போயின என்பது நம் கதையும்கூட. எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தபோது வானவில் அலைவரிசை நம் வரவேற்பறைக்கே படத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, சம்பள நாளில் லாரியில் வந்த கூட்டமும் கலைந்தது. ஆயிரம் நாற்காலியை நிரப்ப ஆளில்லை. பேரங்காடிகளில் சின்னச் சின்ன அரங்குகள் முளைத்தன.

பத்து ரோட்டில், அதாவது இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், இரண்டு தியேட்டர்களின் கதை எதிரெதிராக முடிந்தது. 1936-இல் கட்டப்பட்ட ஓடியன் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1920-களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம் இன்னும் நிற்கிறது. 2006-இல் அதைக் கையகப்படுத்திப் பாரம்பரிய மையமாக்கும் திட்டம் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அதனால் தியேட்டர் தியேட்டராகவே தொடர்ந்தது, தமிழ்ப் படங்களோடு. ஜாலான் சுல்தானில் 2002-இல் எரிந்துபோன ரெக்ஸ், இன்று கடைகளும் கலை நிகழ்ச்சிகளும் உள்ள கூடமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. பெயரை மட்டும் விடவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்று திறப்பு விழா நடந்தது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தார். 2015-இல் தோரண வாயிலைத் திறக்க மோடி வந்தார். வளைவுகள் அழகுதான்; தீபாவளிக்கு நானும் அங்கே நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அவை இந்தியாவிலிருந்து வந்த அடையாளங்கள். லிடோ இங்கேயே வாழ்ந்தவர்கள் டிக்கெட் வாங்கி வாங்கி உண்டாக்கிய அடையாளம். கோலாலம்பூருக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த இடம் என்பதால் வந்த பெயர் பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் மறைந்து எத்தனையோ காலம் ஆகியும் பெயர் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அது வரைபடத்தில் ஏறிவிட்டது. லிடோ நம் வாயில் மட்டுமே இருக்கிறது.

அன்று நிகழ்ச்சியில், "உங்கள் ஊர்த் தியேட்டர் எது, இப்போது அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். அரை மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் கார் நிறுத்துமிடம் என்றார், இன்னொருவர் மரச்சாமான் கடை என்றார். ஓர் அம்மா மட்டும் அந்த வாசலில் தன்னைப் பெண் பார்த்த கதையைச் சொல்லிவிட்டு, "இதையெல்லாம் யாருமே என்கிட்ட கேட்டதில்லம்மா" என்றார்.

அதனால் இந்த வாரம் ஒரு சின்ன வேலை. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் படம் பார்த்த தியேட்டரின் பெயரைக் கேளுங்கள். முடிந்தால் காரில் ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்கே போய் வாருங்கள். வழியை அவர்களே சொல்லட்டும். கைப்பேசியின் வரைபடத்தை அணைத்துவிடுங்கள்.