கடுகளவு முகமும் நூறாம் எண் சுருளும்

எங்கள் சாத்தூர், சிவகாசி வட்டாரத்து வீடுகளில் பூஜை அறை நிறையத் தெய்வத் திருவுருவங்கள் இருக்கும். பெரும்பாலும் சிவகாசி அச்சகங்களில் உருவான நாட்காட்டிப் படங்கள். கூடத்துச் சுவரில் மாலையிட்ட முன்னோர் இருப்பர். தெய்வத்தை வரைய ஓவியர்கள் உண்டு. முன்னோர்க்கோ, யாரோ ஒருவர் எப்போதோ எடுத்த புகைப்படம் ஒன்றே கதி. அப்படம் தெளிவாக அமைவதற்கும் மங்கிக் கலங்குவதற்கும் காரணமான ஓர் எண்ணைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

பழைய படச்சுருள் பெட்டிகளின்மேல் 100, 200, 400 என்று அச்சிட்டிருந்ததை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது சுருளின் வேகத்தைக் குறிப்பது. எண் இரட்டித்தால் தேவையான ஒளி பாதியாகும். 400-க்கு, 100-க்கு வேண்டிய ஒளியில் கால் பங்கே போதும். ஆயினும் அந்த வேகம் இலவசமாகக் கிடைப்பதன்று. சுருளில் பூசப்பெற்ற வெள்ளி உப்பின் துகள்கள் பெரியனவாக இருந்தால்தான் குறைந்த ஒளியையும் பற்றும். துகள் பெருத்தால், படத்தைப் பெரிதாக்கும்போது முகத்தில் மணல் தூவியது போன்ற பொறி தோன்றும். விலையும் கூடும்.

உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளில் படம் பிடித்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. பின்னர்க் கோனிகா, கோடக், பியூஜி என வண்ணச் சுருள்கள் சிற்றூர்களுக்கும் வந்தன. சுருளின் விலை, கழுவும் கூலி, முப்பத்தாறு படங்களை அச்சிடும் செலவு யாவும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு சுருளே இயலும்.

1992-ஆம் ஆண்டு ஆடி மாதம். கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் குடும்பத்தோடு பொங்கலிட நேர்ந்துகொண்டிருந்தோம். அதே மாதம் அச்சங்குளத்தில் எங்கள் தெருவின் முளைப்பாரி, இரவில். ஒரே சுருள் இரண்டுக்கும் உதவ வேண்டும்.

“அண்ணே, நானூறு வாங்குவோம். ராத்திரி ஊர்வலமும் விழும்” என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. 400-இல் பிளாஷ் ஒளி, 100-இல் எட்டும் தொலைவைப் போல் இரு மடங்கு எட்டும். சாத்தூரில் படக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒன்றே கேட்டார்: “எந்தப் படத்தை பெருசு பண்ணி மாட்டப் போறீக?”

அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பமில்லை. ஆயுள் குறையும் என்பார். கோயில் வாசலில் மட்டும் மறுக்க மாட்டார். ஆகவே 100 வாங்கினேன். முளைப்பாரி ஊர்வலத்தில் முன்வரிசைப் பெண்கள் மட்டுமே விழுந்தனர். பின்னால் வந்தவர்கள் இருளில் கரைந்துபோயினர். தம்பிக்கு அது நெடுநாள் குறை.

வைப்பாற்று மணலில், பொங்கற்பானை அருகே பதினொருவர் நின்ற படத்தில் அம்மாவும் நின்றார். நல்ல வெயில், 125-இல் ஒரு நொடி, துவாரம் 16. சில ஆண்டுகளில் அவர் அம்பாள் திருவடி சேர்ந்தபோது, வீட்டில் அவருக்கென்று வேறு படமே இல்லை. நெகட்டிவில் அவர் முகம் கடுகளவே இருந்தது. அதைத்தான் பெரிதாக்கினோம். குங்குமமும், மூக்குத்தியும், புகையினால் சுருங்கிய கண்ணும் ஓரளவு தெளிவாகவே வந்தன. 400-இல் எடுத்திருந்தால் அத்தனையும் பொறிக்குள் புதைந்திருக்கும்.

இரவென்றாலே வேகமான சுருள் வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. எங்கள் பகுதியின் வாணவேடிக்கையை எடுக்க 100-ஏ போதும். வாணம் தானே ஒளி. கேமராவை அசையாமல் நிறுத்தி, துவாரத்தை 8 அல்லது 11-இல் வைத்துச் சில விநாடிகள் திறந்து வைத்தால், தீப்பூக்கள் தாமே தம்மை எழுதிக்கொள்ளும். வண்ண நெகட்டிவுக்கு ஒளி சற்று மிகுந்தால் தாங்கும். குறைந்தால்தான் நிழல்கள் சாம்பல் பூத்துப்போகும். ஐயம் வந்தால் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுப்பதே நலம். கருவறைக்கோ எந்தச் சுருளும் வேண்டா. நெய்விளக்கில் அம்பாளைக் காண இறைவன் கண்ணைக் கொடுத்திருக்கிறான். அங்கே படம் எடுக்கலாகாது என்பதும் முறை.

இன்று பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் எடுக்கின்றனர். நம் பெட்டிகளில் உறங்கும் நெகட்டிவ்களை நாம்தாம் காக்க வேண்டும். தகரப் பெட்டியில், ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் எங்கள் ஊர் வெக்கை சாயத்தை உண்டுவிடும். ஈரம் பூஞ்சையைக் கொணரும். உலர்ந்த, குளிர்ந்த இடத்திற்கு மாற்றுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்துக் கணினியில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொரு கூட்டப் படத்திலும் நிற்பவர்கள் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாம் மட்டுமே.