அத்தையின் இன்ச் டேப்பும் மூன்று சக்கர வண்டியும்

இரண்டாவது குழந்தை பிறந்து ஆறாவது வாரம். வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மொத்தம் பத்துக் கேள்விகள். கடந்த 7 நாட்களாக மனம் எப்படி இருக்கிறது, சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று விசாரிக்கும் கேள்விகள். ‘எடின்பரோ அளவுகோல்’ என்று பெயர். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

முதல் பிரசவத்தின்போது எல்லாவற்றுக்கும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று டிக் அடித்துவிட்டு வந்தவள், இந்த முறை பொய் சொல்லவில்லை. டாக்டர் அம்மா தாளைப் படித்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதற்கு முன்பு மனசு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்?”

“ஓடுவேன்.”

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கோவையில் கல்லூரி நாட்களில் ஆரம்பித்த பழக்கம் அது. கல்யாணமாகி அமெரிக்காவின் ரெட்மண்டுக்கு வந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சம்மாமிஷ் ஆற்றங்கரைப் பாதை இருந்ததால் பழக்கம் இன்னும் பலப்பட்டது. மேரிமூர் பூங்காவிலிருந்து பாத்தெல் ஊர் வரை சுமார் 10 மைல். கார் வராத, மேடு பள்ளமில்லாத தார்ப்பாதை. பெரியவன் பிறந்தபோதுகூட, கணவர் காலையில் அவனைப் பார்த்துக்கொள்ள, அவள் அரைமணி நேரம் ஓடிவிட்டு வருவாள். இப்போது கணவருக்கு விடிகாலையிலேயே அலுவலக மீட்டிங்குகள். மூன்று வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வாசல்படி தாண்டுவதே பெரிய காரியம்.

டாக்டர் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். தூக்கத்துக்கு வழி சொன்னார். ஓட்டத்தைப் பற்றியும் சொன்னார்: “திரும்பவும் ஓடலாம். ஆனால் குறைந்தது மூன்று மாதம் போகட்டும். அதுவரை நடங்கள்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேத்தியின் பிரசவத்துக்காகத் திண்டுக்கல்லிலிருந்து ஜனவரியில் வந்தவர். ஆறு மாதம் இருந்துவிட்டு ஜூலையில் கிளம்ப வேண்டும்.

“பச்சை ஒடம்புக்காரி ஓடுறதாவது! ஊர்ல யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க. அப்படி என்னம்மா அவசரம்?”

“இப்ப இல்ல அத்தை, மூணு மாசம் கழிச்சுதான்.”

“மூணு மாசம் கழிச்சு ரெண்டு பிள்ளைகளையும் யார்கிட்ட விட்டுட்டு ஓடப்போற? நானும் ஊருக்குப் போயிருவேன்.”

அதுதான் கேள்வி. அதற்கான பதிலைத் தேடித்தான் ராத்திரி பால் கொடுக்கும் நேரங்களில் அவள் போனில் இரட்டை ஜாகிங் ஸ்ட்ரோலர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கென்று ஒரு வண்டி இருப்பதே இந்த மாநிலத்துக்காரர் ஒருவர் செய்த வேலைதான். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் பத்திரிகையில் வேலை பார்த்த ஃபில் பேச்லர், கைக்குழந்தையோடு ஓட ஆசைப்பட்டு, 1980-களில் ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களை மாட்டிப் பார்த்தார். 1984-ல் அதுவே ‘பேபி ஜாகர்’ என்ற நிறுவனமானது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஒரு அப்பாவுக்கு வந்த அதே ஆசை, நாற்பது வருடம் கழித்து இந்தப் பக்கம் ஒரு அம்மாவுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

முதலில் ஒன்று புரிந்தது. மூன்று சக்கரம் இருப்பதாலேயே ஒரு வண்டி ஓட்டத்துக்கு ஆகிவிடாது. சாதாரண ஸ்ட்ரோலரின் சின்னச் சக்கரம் ஒரு கல்லில் இடறினாலே வண்டி குப்புறப் போகும். ஓடுவதற்கான வண்டியில் காற்றடைத்த பெரிய சக்கரங்கள் வேண்டும், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் வேண்டும். முக்கியமாக, முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி வேண்டும். நடக்கும்போது முன்சக்கரம் அங்குமிங்கும் திரும்பலாம். ஓடும்போது திரும்பினால் வண்டி தடுமாறிச் சாய்ந்துவிடும். அதனால் ஓடுவதற்கு முன்பு பூட்டியே ஆக வேண்டும்.

இரட்டை ஸ்ட்ரோலரில் இரண்டு வகை. குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக உட்காருவது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது இன்னொன்று. முதல் வகை கடைகளுக்கும் குறுகலான நடைபாதைக்கும் வசதி. ஆனால் நீளம் அதிகம், திருப்புவது சிரமம். ஓடுவதற்கு என்று வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகைதான். கிட்டத்தட்ட 30 அங்குல அகலம், 15 கிலோவுக்குக் குறையாத எடை. புதிதாக நல்லதாக வாங்கினால் 600 டாலருக்கு மேல்.

விலையைக் கேட்ட கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் காசுக்கு ஜிம்ல ஒரு வருஷம் சேரலாமே?” என்றார்.

“ஜிம்முக்குப் போறப்ப பிள்ளைங்க எங்க இருப்பாங்க?”

அவரிடம் பதிலில்லை. “சரி, பார்ப்போம். ஆனா அது நம்ம கார் டிக்கில நுழையுமா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை, அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே அத்தையின் குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கார் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து நிற்கிறார். கையில் மஞ்சள் இன்ச் டேப். ஊரில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர், எங்கே போனாலும் பையில் அதை வைத்திருப்பார். மறுமுனையைப் பேரன் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அகலம் நாப்பத்தொண்ணு. உயரம் இருபத்தொம்பது. எழுதிக்க” என்று மகனிடம் சொன்னவர், அடுத்து வாசல் கதவை அளந்தார். “முப்பத்தஞ்சு. வண்டி நுழையும். ஆனா பெட்ரூம் கதவு இருபத்தெட்டுதான், அதுக்குள்ள போகாது. வண்டிய ஹால்லயேதான் நிறுத்தணும்.”

“நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க அத்தை?”

“ஓடுறதுதான் வேணாம்னேன். வாங்குறதை அளந்து வாங்க வேணாமா?”

புதிதாக வாங்கவில்லை. பக்கத்து ஊரில் ஓர் அம்மா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் தன் வண்டியை 240 டாலருக்கு விற்கிறார் என்று தெரிந்தது. பார்க்கப் போவதற்கு முன்பு அவள் இன்னொரு விஷயத்தைப் படித்து வைத்திருந்தாள். 2018-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஒரு ஜாகிங் ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிடுகிறது என்று அதன் தயாரிப்பாளர் மீது நடவடிக்கை எடுத்தது. சக்கரத்தை எளிதாகக் கழற்றி மாட்டுவதற்கு வைத்த நெம்புகோல் சரியாக இறுகாததுதான் பிரச்னை. அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் அடிச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் குறித்துக்கொண்டு, ஆணையத்தின் இணையதளத்தில் அந்த மாடலைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும்.

அவள் அப்படியே செய்தாள். பிறகு வண்டியைத் தலைகீழாகப் படுக்கவைத்து முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். டயரில் வெடிப்பு இருக்கிறதா, ஐந்து இடத்தில் மாட்டும் பெல்ட் அறுந்திருக்கிறதா, சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். நிறுத்தும் பிரேக்கை மிதித்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. கைப்பிடியில் சைக்கிளைப் போல ஒரு கை பிரேக்கும் இருந்தது. எல்லா வண்டியிலும் இது வருவதில்லை. எஜுகேஷன் ஹில் மேட்டில் குடியிருப்பவளுக்கு, ஆற்றங்கரைக்கு இறங்கும் சரிவை நினைத்தால் அந்த பிரேக்குக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது.

கடைசியாக இரண்டு பிள்ளைகளுக்குப் பதில் ஒரு பக்கம் பெரியவனையும் மறுபக்கம் அரிசி மூட்டையையும் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். ஒரு பக்கம் எடை அதிகமானாலும் வண்டி இழுக்காமல் நேராகப் போனது. வாங்கிவிட்டாள்.

வாங்கியதும் ஓடவில்லை. ஓட முடியாது. அவள் உடம்பு தயாரானாலும் குழந்தை தயாராக வேண்டும். கழுத்து நன்றாக நின்று, துணையில்லாமல் உட்கார்ந்து, அதிர்வைத் தாங்கும் பலம் வரவேண்டும். குறைந்தது ஆறு மாதம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். எட்டு மாதம் என்று அந்த வண்டியின் கையேட்டிலேயே போட்டிருந்தது. ‘மெதுவாகத்தானே ஓடப்போகிறேன்’ என்று ஒருநாள் அவளுக்கே சபலம் வந்தது. டாக்டரைக் கேட்டாள். “நடங்கள்” என்றார் அவர், மறுபடியும்.

எனவே நடந்தார்கள். மே மாதத்திலிருந்து தினமும் காலை, அந்த மாடலுக்கென்று விற்கும் இணைப்பை வாங்கி, அதில் சின்னவளின் கார் சீட்டைப் பொருத்தி, பக்கத்தில் பெரியவனை உட்காரவைத்து, அவளும் அத்தையும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். புடவைக்குக் கீழே மகன் வாங்கிக்கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ. முதல் இரண்டு நாள் கூச்சப்பட்ட அத்தை, மூன்றாம் நாளிலிருந்து எதிரே வருகிற எல்லோருக்கும் ‘குட் மார்னிங்’ சொன்னார்.

ஒருநாள் திரும்பும் வழியில் காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டினார் அத்தை. வீட்டு வாசலில் பெரியவன் குதித்து இறங்கியதும், பையின் கனத்தில் வண்டி பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவள் பாய்ந்து பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. ஆனால் அத்தை வெலவெலத்துப்போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பையும் கைப்பிடிக்கு வரவில்லை. எல்லாம் அடியில் இருக்கும் கூடைக்குத்தான்.

அன்று மதியம்தான் அத்தை அந்தப் பேச்சை எடுத்தார்.

“உங்கிட்ட ஆஸ்பத்திரில ஏதோ கேள்வி கேட்டாங்கன்னு சொன்னியே… என்னம்மா கேட்டாங்க?”

அவள் சொன்னாள். அழுகை, பயம், தூக்கம் என்று ஒவ்வொன்றாக. கேட்டுக்கொண்டே வந்த அத்தை, பேத்தியின் சட்டையை மடித்து வைத்தார்.

“ரெண்டாவது பொறந்தப்ப நானும் ஒரு வருஷம் போல அழுதுக்கிட்டேதான் இருந்தேன். அடுப்படில நின்னா கண்ணீர் வரும். புகைன்னு சொல்லிருவேன். காத்துக் கருப்பு பட்டிருக்கும்னு மந்திரிச்சுக்கூட விட்டாங்க. ‘ஏன் அழுவுறே’ன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.”

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெரியவன் பசிக்கிறது என்றான், எழுந்து போனார்கள்.

ஜூலை கடைசியில், பாதையோரத்தில் பிளாக்பெர்ரி பழுக்கத் தொடங்கிய நேரத்தில், அத்தை ஊருக்குக் கிளம்பினார். இன்ச் டேப்பை மேஜை மேல் விட்டுவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டாரா என்று போனில் கேட்டால், “அங்கயே இருக்கட்டும், ஏதாச்சும் அளக்க வேண்டி வரும்” என்றார்.

அக்டோபர் கடைசியில் சின்னவளுக்கு எட்டு மாதம் முடிந்தது. டாக்டரும் சரி என்றார். டயரில் காற்றடித்து, முன்சக்கரத்தைப் பூட்டி, பிள்ளைகளுக்குத் தன்னைவிட ஒரு உடுப்பு அதிகமாகவே போட்டாள். ஓடுகிறவளுக்கு வியர்க்கும், உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும் என்பதை நினைவில் வைத்திருந்தாள். வண்டியிலிருந்து வரும் பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். கால் இடறி விழுந்தாலும் வண்டி சரிவில் தனியாக ஓடிவிடாமல் இருப்பதற்கான கயிறு அது. சரிவில் ஓடவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நடந்து இறங்கினாள். ஆற்றங்கரை வந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தாள்.

வண்டி 15 கிலோ, பெரியவன் 14, சின்னவள் 8. மொத்தம் 37 கிலோவைத் தள்ளிக்கொண்டு ஓடுவது பழைய ஓட்டம் இல்லை. இரண்டு கைகளும் கைப்பிடியிலேயே இருந்தால் தோள் இறுகிவிடுகிறது. ஒரு கையால் தள்ளி, மறு கையை வீசி, மாற்றி மாற்றிப் பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. நடுவில் பெரியவன் ஒரு ஷூவைக் கழற்றி வீசினான். சின்னவள் அண்ணன் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு முறை நிற்க வேண்டி வந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் ஓடியிருப்பாள். தூறல் ஆரம்பித்ததும் மழை உறையைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஆலோசகரிடம் போவதை அவள் இன்னும் நிறுத்தவில்லை. மனம் கனக்கும் நாட்கள் இப்போதும் வருகின்றன. ஆனால் அன்று காலை, மூச்சு வாங்க மேட்டில் வண்டியைத் தள்ளி ஏற்றும்போது, பெரியவன் “அம்மா, ஃபாஸ்ட்டா, ஃபாஸ்ட்டா!” என்று கத்தியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தாளில் இருந்த ஒரு கேள்வி ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு வீடியோ கால் போட்டாள். திண்டுக்கல்லில் ராத்திரி ஒன்பது மணி. நனைந்த தலையோடு நின்ற மருமகளைப் பார்த்து, ‘எதுக்கு மழையில ஓடுறே’ என்று திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தாள்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

“கயிறைக் கையில மாட்டுனியா?”

“மாட்டுனேன் அத்தை.”

“ம்… அப்ப சரி. நாளைக்கும் போயிட்டு வா.”