மூச்சை விடப் பழகுதல்

எங்கள் நெசவு ஊரான வெண்ணந்தூரில் ஒருவர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தாலே அவர் கைத்தறிக்காரரா விசைத்தறிக்காரரா என்று ஓரளவு சொல்லிவிடலாம். குழித்தறியில் முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு மேல்முதுகு முன்னால் வளைந்து, தோள்கள் உள்வாங்கி, கழுத்து தறியில் நீளும் பாவு நூலைப் பார்த்த மாதிரியே நீண்டிருக்கும். விசைத்தறி ஓட்டுகிறவருக்கு முதுகு பரவாயில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு நின்று நின்று கெண்டைக்கால் நரம்பு சுருண்டிருக்கும். பக்கத்திலேயே நிற்கிறவரிடமும் உரக்கப் பேசுவார். ஊடை நூலைத் தாரில் சுற்றும் பெண்களுக்கு வலது தோளும் மணிக்கட்டும் போயிருக்கும். இப்படிப்பட்ட உடம்புகள் யோகாசனம் கற்க வந்தால் எங்கிருந்து தொடங்குவது? எனக்கு இந்தக் கேள்வி சின்னதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேரின் உடம்பு இப்படித்தான் இருக்கிறது.

நான் சேர்ந்த வகுப்பில் சுவரில் ஆசனப் படம் மாட்டியிருந்தது. சர்வாங்காசனம், தனுராசனம், மயூராசனம் என்று எல்லாமே வாலிப உடம்புகள். வந்திருந்தவர்களில் பலர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுத்த அம்மா அந்தப் படத்தின் பக்கமே போகவில்லை. எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைக்கச் சொன்னார். "மூச்ச இழுக்கறதப் பத்தி இப்ப நெனைக்காதீங்க. விடறத மட்டும் பாருங்க. எந்தக் கை அசையுதுன்னு சொல்லுங்க" என்றார். பெரும்பாலோருக்கு நெஞ்சின் மேலிருந்த கைதான் அசைந்தது. வயிற்றின் மேலிருந்த கை அப்படியே கிடந்தது.

அதற்குக் காரணம் தறியிலேயே இருக்கிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கிக்கொள்ளும். நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடக்கும் உதரவிதானம் கீழே இறங்க இடம் இருக்காது. அப்போது மூச்சு மேல்நெஞ்சில் மட்டும் ஓடும். இழை அறுந்தால் இன்னும் மோசம். அறுந்த இழையைத் தேடி, பிடித்து, அச்சில் கோத்து, முடிச்சுப் போடும் வரைக்கும் மூச்சே வராது. முடிச்சு விழுந்த பிறகு ஒரு பெருமூச்சு. ஒரு நாளைக்கு எத்தனை இழை அறுகிறதோ அத்தனை தடவை இது நடக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தொழிலே கற்றுக்கொடுத்த ஒரு மூச்சுப் பயிற்சி அது. கெட்ட பயிற்சி. அதைக் கலைத்துவிட்டுத்தான் இன்னொன்றைப் பழக வேண்டும். ஆகவே இங்கே ஆசனத்தைவிட மூச்சு முதலில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா தலைமுறையில் தார் மாற்றும்போது நூலின் நுனியை, தாரைச் சுமந்து ஓடும் நாடாவின் கண்ணில் வைத்து, மறுபக்கம் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ஒரே இழுப்பில் நூல் வெளியே வந்துவிடும். கூடவே பஞ்சும் கஞ்சித் தூளும் சாயமும் உள்ளே போகும். இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே இதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் நெசவுக்குப் பேர்போன லங்காஷயரில் 1952-ல் தடை வந்தது. ஒரு நெசவாளி நாளெல்லாம் ஆழமாக இழுத்த மூச்சு என்று ஏதாவது இருந்தால் அது நாடாவிலிருந்து இழுத்த மூச்சுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

எங்கள் வகுப்பின் பயிற்சியை வகுத்த வேதாத்திரி மகரிஷியே தறியிலிருந்து வந்தவர்தான். அவர் 1911-ல் செங்கல்பட்டுப் பக்கம் கூடுவாஞ்சேரியில், கைத்தறி நெசவாளர் வீட்டில் பிறந்தார். சிறுவயதில் தறியில் உட்கார்ந்தவர். பிறகு சென்னைக்குப் போய் வேலை பார்த்தார், சித்த மருத்துவமும் ஹோமியோபதியும் படித்தார், துணித் தொழில் நடத்தினார். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் எழுப்பினார். 2006-ல் மறைந்தார். கொங்கு வட்டாரத்தில் ஊருக்கு ஊர் அவர் வழியைச் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றம் இருக்கிறது. 'வாழ்க வளமுடன்' என்று ஒருவர் கும்பிட்டால் அவர் எங்கே பயின்றவர் என்று யாருக்கும் தெரியும்.

அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியைத்தான் எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று வரிசையாகப் போகும். நெசவாளர்களுக்கென்றே அவர் இதை உருவாக்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்து பார்க்கும்போது, தறியில் உட்கார்ந்து உடம்பு எங்கெங்கே பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்த ஒருவர் அடுக்கியது போலவே இருக்கிறது. கைப்பயிற்சி தோள்பட்டையைத் திறக்கிறது. மகராசனத்தில் மல்லாந்து படுத்து, கால்களை ஒரு பக்கமும் தலையை எதிர்ப்பக்கமும் திருப்பும்போது, வருஷக்கணக்காக முன்னால் மட்டுமே வளைந்த முதுகுத்தண்டு பக்கவாட்டில் திரும்புகிறது. பிறகு குப்புறப் படுத்துச் செய்யும் பகுதி. அறுபது வயதுத் தறிக்காரர் ஒருவர் அதை முதலில் செய்தபோது, "குப்புறப் படுத்து எத்தன வருசம் ஆச்சுங்க" என்று சொன்னார். அவர் வியப்பில் உண்மை இருந்தது. தறியில் இருக்கும் ஒருவரின் வயிறு தரையைத் தொடவே தொடாது.

எங்கள் பக்கத்தில் மூச்சை அடக்குவது என்றாலே சித்தர் சமாச்சாரம். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கிறது. அமாவாசைக்குச் சித்தர் கோயிலில் கூட்டம் நெரியும். மூலிகை தேடி அந்த மலைக்கு வந்த குருவுக்குச் சீடர் காலாங்கி சோறாக்கினார், ஒரு கருங்குச்சியால் கிளறியதும் சோறு கறுத்தது, கறுத்த சோற்றைத் தின்று இளமை வந்தது என்று கதை சொல்வார்கள். இந்தப் பக்கம் கொல்லிமலைக் குகைகளுக்கும் அப்படிக் கதைகள் உண்டு. அதனால் பிராணாயாமம் என்றால் குகைக்குள் போய்விட்டவர்களின் வித்தை, குடும்பஸ்தனுக்கு ஆகாது என்று என் பாட்டி நம்பினார். அந்த அச்சத்தில் கொஞ்சம் விவேகமும் இருந்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. அதில் மூச்சை உள்ளே இழுக்க 16 மாத்திரை, உள்ளே நிறுத்த 64, வெளியே விட 32 என்று கணக்கு வருகிறது. இதைப் படித்துவிட்டு முதல் நாளே 64 வரை மூச்சை நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். அந்தக் கணக்கில் தொடங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது நடுவில் இருக்கும் 64 அல்ல. இழுப்பதைப்போல விடுவது இரண்டு மடங்கு என்பதைத்தான். நாலு எண்ணும் வரை இழுத்து எட்டு எண்ணும் வரை விட்டால் நிமிஷத்துக்கு ஐந்து மூச்சுதான் வரும். சும்மா இருக்கும்போது நாம் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுகிறோம். நீளமாக விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது. நாடித்துடிப்பைத் தொட்டுக்கொண்டே செய்தால் மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கூடுவதும் வெளியேறும்போது குறைவதும் விரலிலேயே தெரியும். எங்கள் வகுப்பில் எல்லாரையும் நம்ப வைத்தது அந்த விரல்தான். புத்தகமோ படமோ அல்ல.

கபாலபதிக்கு வந்தபோது அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டார். "பிரஷர் இருக்குதுங்களா? குடலிறக்கம் ஆபரேஷன் ஏதாச்சும்? நீ முழுகாம இருக்கியா கண்ணு?" இருக்கிறது என்றவர்களை அதைச் செய்ய வேண்டாம் என்று உட்கார வைத்து, நீளமூச்சு மட்டும் விடச் சொன்னார். வயிற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்து மூச்சைத் தள்ளும் பயிற்சி அது. எல்லா உடம்புக்கும் ஆகாது. ஒரு நல்ல ஆசிரியரை நான் அடையாளம் காண்பது இந்த இடத்தில்தான். சென்னையில் கடைசிக்காலம் வரை கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) ஆளைப் பார்த்துப் பயிற்சியை மாற்றினார். வயது, தொழில், நோய், எதை முன்னிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் கேட்டபிறகே பாடம். கையைத் தூக்கினால் மூச்சு உள்ளே, குனிந்தால் மூச்சு வெளியே என்று அசைவையும் மூச்சையும் அவர் பிரிக்கவே இல்லை. அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் இன்றும் நடக்கிறது. 2015 முதல் சர்வதேச யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே ஆசனத்தைச் செய்வது யோகம் என்று ஒன்று இருப்பதை ஊருக்கு அறிவிக்கும். கற்றுக்கொள்வது என்பது மறுநாள் தனித்தனியாகத்தான் நடக்க முடியும்.

ஒன்றை ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசி மூச்சுக்குழாயை இறுக்கும் நோய் ஒன்று இருக்கிறது. பஞ்சாலைகளில் அதிகம், நெசவில் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். அதைப் பிராணாயாமம் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டரிடம் போங்கள். காது விஷயமும் அப்படியே. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. தறிப்பட்டறையில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். காது அடைப்பானும் முகக்கவசமும் தூசியை வெளியே தள்ளும் விசிறியும் முதலாளி வாங்க வேண்டியவை. தொழிலாளி மூச்சை நீளமாக விட்டுத் தூசியைச் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தூசி நிறைந்த பட்டறைக்குள் நின்று ஆழமூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. வெளியே வந்து, முகம் கழுவி, திறந்த இடத்தில் செய்ய வேண்டும்.

நேரம்தான் பெரிய தடை. காலை ஐந்து மணி யோகத்துக்கு ஏற்ற நேரம் என்பார்கள். அந்நேரம் எங்கள் ஊரில் இரவு ஷிப்டுக்காரர் தறியில் நிற்கிறார். வீட்டுப் பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் பெண்கள் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து அந்த அம்மா பயிற்சியைத் துண்டு துண்டாக நறுக்கினார். தார் ராட்டினத்தை விட்டு எழும்போது கைப்பயிற்சி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிற்கும் நாளில் வாசலில் பாய் விரித்து மகராசனம். அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் உட்கார்ந்து நீளமூச்சு. "முழுசா ஒரு மணி நேரம் கெடைக்கலீங்க" என்று வருத்தப்பட்ட ஒரு பெண்ணிடம், "கெடைக்கறதுல செய் சாமி, நாளைக்கு எந்நேரம் செஞ்சேன்னு வந்து சொல்லு" என்றார். மறுநாள் வகுப்பில் ஆசனம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் எழுந்து எந்நேரம் செய்தோம் என்று சொன்னார்கள். சொன்ன நேரங்களையெல்லாம் அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த மாத வகுப்பு அந்த நோட்டைப் பார்த்துத்தான் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஷிப்டு விடும் காலை எட்டரைக்கு ஒன்று, தறி நிற்கும் ஞாயிறு மாலைக்கு ஒன்று.