பறவை காட்டுறதும் ஒரு வேலைதான்

பொங்கல் முடிஞ்சாப் போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு இருக்குற நண்பர்கள் கூப்பிடுவாங்க. கூந்தன்குளத்துக்குப் பறவை வந்துடுச்சா, எங்க தங்கலாம், குளத்தாங்கரை வரைக்கும் கார் போகுமா, இப்படி. எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். ஆனா ஒரு கேள்வியை இதுவரைக்கும் ரெண்டே பேர்தான் கேட்டிருக்காங்க: "கூட நின்னு காட்டுறதுக்கு உள்ளூர் ஆள் இருக்காங்களா? அவங்களுக்கு என்ன கொடுக்கணும்?" இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல, ஊரைத் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டாரத்துல இருக்கு. நெல்லையில இருந்து மூலைக்கரைப்பட்டி வழியா ஒரு மணி நேரத்துல வந்துடலாம். கூந்தன்குளம், காடன்குளம்னு ரெண்டு குளம். மொத்தம் சுமார் 129 ஹெக்டேர். 1994ல சரணாலயம்னு அறிவிச்சாங்க. அப்புறம் ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அரசாங்கம் அறிவிக்குறதுக்கு ரொம்ப முன்னாலயே ஊர்க்காரங்க பறவையைப் பாத்துக்கிட்டாங்க. குளத்துக்குள்ள நிக்குற கருவேல மரத்துல மட்டும் இல்லை, வீட்டுக் கொல்லையில நிக்குற வேம்புலயும் புளியிலயும்கூட நாரை கூடு கட்டும். எச்சம் முற்றத்துல விழும், மீன் நாத்தம் வரும். யாரும் விரட்ட மாட்டாங்க. தீபாவளிக்கு அந்த ஊர்ல வெடி போட மாட்டாங்கன்னு நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

இதுல பாசம் மட்டும் இருக்குன்னு சொன்னா அது முழு உண்மை ஆகாது. விவசாயி கணக்கும் இருக்கு. பறவை எச்சம் விழுந்த தண்ணி நல்ல உரம். அந்தத் தண்ணி பாயுற வயலுக்கு யூரியா குறைச்சுப் போட்டாப் போதும்னு எங்க அப்பா காலத்துல இருந்தே சொல்லுவாங்க. செங்கல்பட்டு பக்கம் வேடந்தாங்கல் விவசாயிகளுக்கும் இதே கணக்குதான். வெள்ளைக்காரன் காலத்துலயே, 1700களோட கடைசியில, கலெக்டர்கிட்டப் போய் எங்க குளத்துப் பறவையை யாரும் சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கினவங்க அவங்க. ஆக, பறவையைக் காப்பாத்துறது நம்ம பக்கத்துல விவசாயத்தோட சேர்ந்த வேலையாத்தான் இருந்துருக்கு.

என் வீட்டுக்காரியோட தம்பி குளத்துக்குப் பக்கத்துலதான் இருக்கான். எனக்கு மாப்பிள்ளை முறை. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவா வயல், அதுவும் கடைமடையில. மார்கழியில இருந்து வைகாசி வரைக்கும் வர்றவங்களுக்குப் பறவை காட்டுவான். பத்தாம் வகுப்போட படிப்பு நின்னுபோச்சு. ஆனா பறவைப் புத்தகம் ஒண்ணு கிழிஞ்சு போற வரைக்கும் புரட்டிருக்கான். எந்தப் பறவைக்கும் மூணு பேர் சொல்லுவான்: ஊர்ல சொல்ற பேர், புத்தகத்துத் தமிழ்ப் பேர், இங்கிலீஷ் பேர். நாங்க செங்கா நாரைன்னு சொல்றது புத்தகத்துல மஞ்சள் மூக்கு நாரை. வெள்ளக்காரன் பேர் பெயின்டட் ஸ்டார்க்.

அவன்கூட ஒரு நாள் விடிகாலையில குளத்தாங்கரையில நடந்தா, கண்ணு எப்படிப் பாக்கணும்னே புதுசாத் தெரியும். மொதல்ல மரத்தடியைத்தான் பாப்பான். எச்சம் ஈரமா வெள்ளையா இருந்தா மேல கூட்டுல ஆள் இருக்கு. காஞ்சு சாம்பலாப் போயிருந்தா காலி. அப்புறம் அறுத்த வயலுக்குக் கூட்டிட்டுப் போவான். வரப்புல புல்லு கத்தரிச்ச மாதிரி இருக்கும், பக்கத்துலயே எச்சம் கிடக்கும். "ராத்திரி வரித்தலை வாத்து மேஞ்சிட்டுப் போயிருக்கு, இப்ப குளத்து நடுவுல உறங்கும் பாருங்க"ம்பான். பார்த்தா இருக்கும். வெள்ளைத் தலை, பின்னந்தலையில ரெண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு, இமயமலையைத் தாண்டி வர்ற பறவை அது. நம்ம ஊர் வரப்புல புல்லு மேயுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவன் தண்ணி அளக்குற விதம். "அத்தான், குளத்துல எவ்வளவு தண்ணி கெடக்குன்னு கம்பு ஊன வேண்டாம். கூழக்கடா மிதக்குற எடம் ஆழம். நாரை நிக்குற எடம் முழங்கால் அளவு. உள்ளான் ஓடுற எடம் வெறும் சகதி." வருஷம் பூரா அதே கரையில மண்வெட்டியோட நடந்தவனாலதான் இப்படிச் சொல்ல முடியும். வெளியூர்ல இருந்து எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் ரெண்டு நாள்ல இது கைக்கு வராது.

நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசும். வெயில் ஏறினா தாய் நாரை சிறகை விரிச்சு குஞ்சு மேல குடை மாதிரி பிடிக்கும். குளத்துல இருந்து அலகுல தண்ணி கொண்டாந்து குஞ்சு மேல விடும். இதையெல்லாம் அவன் சத்தம் இல்லாம காட்டுவான். ஒரு கூட்டத்துக்கு ரெண்டரை மணி நேரம் ஆகும். கடைசியில என்ன கிடைக்கும்? சிலர் 500 கொடுப்பாங்க. சிலர் 100. நிறைய பேர் தோள்ல தட்டி, "பிரமாதம் தம்பி, நீங்க பெரிய சேவை பண்றீங்க"ன்னு சொல்லிட்டு, அவனை நிக்க வச்சு ஒரு செல்பி எடுத்துட்டுக் கார் ஏறிடுவாங்க.

போன வருஷம் பங்குனியில நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். நாலு பேர் வந்தாங்க. ஆளுக்கொரு லென்ஸ், ஒவ்வொண்ணும் எங்க மருந்தடிக்கிற பம்பு கனம். எந்த ஊர், எந்தக் குழுங்கிறது இங்க வேண்டாம். காலையில எல்லாம் நல்லாத்தான் போச்சு. பத்து மணிக்கு மேல ஒருத்தர் கேட்டார், "தம்பி, இதுங்க உக்காந்தே இருக்குதே. ஒரு கல்லு விட்டெறிஞ்சு மொத்தமாக் கிளப்பி விடேன். பறக்குற மாதிரி ஒரு ஷாட் வேணும். 2000 ரூபா தர்றேன்."

மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "அது முடியாது சார்"னான். அவர் விடல, 3000 ஆக்கினார். அப்பவும் இவன் பொறுமையாத்தான் சொன்னான்: "சார், இப்ப வெயில் சுள்ளுனு அடிக்கு. தாய் எந்திரிச்சுப் போனா அந்தக் குஞ்சுக்கு நெழல் கெடையாது. மேலுக்கு இன்னும் றெக்கை மொளைக்கல. முட்டை இருக்குற கூட்டுல காக்கா எப்படா தாய் எந்திரிக்கும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. அஞ்சு நிமிசம் போதும் சார் அதுக்கு. பயந்த குஞ்சு கூட்டுல இருந்து கீழ விழுந்தா தாய் வந்து ஊட்டாது."

அவங்க முகம் மாறிடுச்சு. "காசு கொடுக்கறவங்களுக்கு இந்த மரியாதைதானா"ன்னு ஒருத்தர் கேட்டார். காலையில இருந்து நடந்ததுக்கும் ஒரு பைசா கொடுக்காம கிளம்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பொண்டாட்டி என்கிட்டச் சொன்னா: "அண்ணே, பையனுக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும். மூவாயிரத்தை வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்காவ. சரின்னுதான் படுது, ஆனா பள்ளிக்கூடத்துல நாரைக் கதை சொன்னா விடுவாங்களா?" எனக்குப் பதில் வரல. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை இருக்குன்னு அவனுக்கு அப்பவே ஆள் சொல்லிக்கிட்டு இருந்தது.

இன்னொரு விஷயம், இது வெளியில யாருக்கும் தெரியாது. எங்க பக்கம் பிசான நெல் மாசி, பங்குனியில அறுப்பாங்க. அதுக்கப்புறம் குளத்துல மிச்சம் இருக்குற தண்ணியை வச்சு உளுந்து போடலாம், பருத்தி போடலாம்னு ஆசை வரும். தப்பு இல்லை, விவசாயிக்கு அது வருமானம். ஆனா தை, மாசியில முட்டை வச்ச நாரையோட குஞ்சு பறக்கச் சித்திரை முடிஞ்சிடும். கூழைக்கடா குஞ்சுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்கு முன்னால தண்ணி வத்தினா மீன் இல்லை. மரத்தைச் சுத்தித் தண்ணி இல்லைன்னா நாய் உள்ள வந்துடும். மணிமுத்தாறு தண்ணி கால்வாய் வழியா வந்து சேர்ந்தாத்தான் குளம் நிறையும், அதுவும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி வராது.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன இப்படி ஒரு பேச்சு ஊர்க்கூட்டத்துல வந்தப்ப, மடையை அடைச்சு வைப்போம்னு முதல்ல எந்திரிச்சுச் சொன்னது மாப்பிள்ளைதான். "ஒனக்கு டூரிஸ்டு காசு வருது, நீ சொல்லுவ"ன்னு ஒருத்தர் கேட்டார். "எனக்கும் கடைமடையில வயல் கெடக்கு மாமா. நானும் இந்த வருசம் உளுந்து போடல"ன்னான். அதுக்கப்புறம் பேச்சு அடங்கிடுச்சு. அவன் விவசாயியா இருந்ததால அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. அதே வார்த்தையை வெளியூர் ஆர்வலர் சொல்லியிருந்தா டீயைக் கொடுத்து அனுப்பி வச்சிருப்பாங்க.

எர்ணாகுளம் மாவட்டம் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு தடவை போயிருந்தேன். பெரியாற்றங்கரைக் காடு. சாலிம் அலி 1933ல ஆய்வு பண்ணின இடம், 1983ல சரணாலயம் ஆச்சு. அங்க உள்ளூர் ஆட்கள் வீட்டுலயே தங்க இடம் கொடுத்து, கூடவே வழிகாட்டியாவும் வர்றாங்க. எங்ககூட வந்தவர் காலையில மூணு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு போன்லயே சொல்லிட்டார். ஒரு புதர் முன்னால நிக்க வச்சு, "அங்க காஞ்ச இலை ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுதான் பறவை"ன்னார். தவளைவாயன். ஜோடியாப் பகல் பூரா அசையாம உக்காந்திருக்கும். தனியாப் போயிருந்தா நூறு தடவை தாண்டிப் போயிருப்பேன். ரெண்டு நிமிஷத்துல, "போதும், வாங்க"ன்னு நகர்த்திட்டார். கூட இருந்தவர் இன்னும் கிட்டப் போகணும்னு கேட்டதுக்கு முகத்துக்கு நேரா முடியாதுன்னார். யாரும் கோவிச்சுக்கல. ஏன்னா கூலி முன்னாடியே பேசியாச்சு. அந்த 'முடியாது'க்கு அவர் பையிலிருந்து விலை கொடுக்க வேண்டியிருக்கல.

எனக்கு இதுதான் விஷயமாப் படுது. டிப்ஸை நம்பி வேலை செய்ற ஆள் ஒவ்வொரு தடவை 'முடியாது'ன்னு சொல்லும்போதும் தன் வீட்டு அரிசியில இருந்துதான் எடுத்துக் கொடுக்குறான். கூலி முன்னாடியே முடிவானா பறவை பக்கம் நின்னு பேச அவனுக்குத் தெம்பு இருக்கும். பால்பாண்டி, அவர் மனைவி வள்ளித்தாய் பத்திப் பேப்பர்ல எல்லாம் எழுதினாங்க. கூட்டுல இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்தவங்க. 'பறவை மனிதர்'ங்கிற பேரும் கொடுத்தாங்க. நல்ல பேர்தான். ஆனா அடுத்த தலைமுறையில ஒரு பையன் இந்த வேலைக்கு வரணும்னா பேர் மட்டும் போதாது. நடவுக்கு வர்ற ஆளுக்கு நாம சாயங்காலம் கூலி கொடுக்கிறோம். "நல்லா நட்டீங்க"ன்னு கைதட்டி அனுப்புறது இல்லை.

அதனால வர்றவங்க சில விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. மழை எப்படி, குளத்துல தண்ணி இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. தண்ணி இல்லாத வருஷம் பறவையும் இல்லை. தை முதல் சித்திரை வரைக்கும் நல்ல நேரம். காலையில ஆறு மணிக்குக் கரையில இருங்க. பளிச்சுனு சட்டை வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். வந்ததும் டீக்கடையில, இல்லைன்னா வனத்துறை அலுவலகத்துல, கூட வர உள்ளூர் ஆள் யார்னு கேளுங்க. நடக்குறதுக்கு முன்னாலயே எவ்வளவுன்னு பேசிடுங்க. அவங்க கூச்சப்பட்டு, "ஒங்க இஷ்டம் சார்"ம்பாங்க. அதோட விட்டுடாதீங்க, ஒரு தொகையை நீங்களே சொல்லுங்க. சொந்த ஊர்ல உங்க வேலைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு என்ன வாங்குவீங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

மாப்பிள்ளை திருப்பூர் போகல, இதுவரைக்கும். இந்த வருஷம் அவன் பொண்டாட்டி ஒரு அட்டையில மார்க்கர் வச்சு எழுதி வாசல்ல தொங்க விட்டிருக்கா: பறவை பார்க்க, ஒரு காலைக்கு 800 ரூபாய். அதுக்குக் கீழ இன்னொரு வரி: பறவையைக் கிளப்பச் சொல்லக் கூடாது. அவன் வெட்கப்பட்டு ரெண்டு தடவை அட்டையைக் கழட்டினான். அவ ரெண்டு தடவையும் திரும்ப மாட்டிட்டா.